கனி பாய் வீட்டுக்கு நான் போட்ட கையெழுத்து

இளங்கோ,

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் பேசியபோது உன் குரலில் அவ்வளவு சந்தோஷம். தஞ்சாவூர் பிடித்துப்போய்விட்டது, கிளையில் எல்லோரும் நன்றாகப் பழகுகிறார்கள், வீட்டுக் கடன் பிரிவில் உட்கார வைத்திருக்கிறார்கள் என்றெல்லாம் சொன்னாய். பிறகு, கடன் விண்ணப்பங்களைக் கொண்டுவந்து தரும் ஏஜென்ட் ஒருவரைப் பற்றிச் சொன்னாய். உனக்கு வாடகை வீடு பார்த்துக் கொடுத்தவர் அவர்தான், கேஸ் இணைப்புக்கு அலைந்தவரும் அவர்தான். "அண்ணன் மாதிரி பாத்துக்கறாரும்மா" என்றாய். "சரிப்பா, சாப்ட்டியா?" என்று நான் பேச்சை மாற்றிவிட்டேன். போனை வைத்ததும் உன் அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "இப்பவும் சொல்லலன்னா எப்ப சொல்லப் போற?" என்றார். அதனால்தான் எழுதுகிறேன். வாயால் சொன்னால் பாதியில் நிறுத்திவிடுவேன் என்று எனக்குத் தெரியும். படித்து முடித்ததும் உன்னோடு வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகளுக்கும் கொடு. இதில் மறைக்க எனக்கு இனி எதுவும் இல்லை.

நீ காலேஜ் இரண்டாம் வருஷம் படிக்கும்போது, "ரகு மாமா ஏம்மா வர்றதே இல்ல?" என்று கேட்டாய். துபாய்க்கு வேலைக்குப் போயிருக்கிறான் என்றேன். அது பொய். அப்போது அவன் விசாரணைக் கைதியாகக் காலாப்பட்டு ஜெயிலில் இருந்தான். அவனைப் பற்றிய செய்தி உள்ளூர்ப் பக்கத்தில் சின்னதாக வந்த அன்று, நீ எழுந்திருப்பதற்கு முன்பே அந்தப் பேப்பரை எடுத்து ஒளித்துவைத்தேன். அவனை அங்கே அனுப்பிய புகாரை எழுதியது நான்தான்.

ரகு நமக்கு எப்படி வந்தான் என்பது உனக்குச் சரியாகத் தெரியாது. நான் சிவில் டிப்ளமோ முடித்து, ஒரு பெரிய இன்ஜினியரிடம் பன்னிரண்டு வருஷம் வீட்டுப் பிளான் வரைந்துகொண்டிருந்தவள். பிறகு தேர்வெழுதி, வங்கிகளுக்குச் சொத்து மதிப்பீடு செய்யும் உரிமம் வாங்கினேன். ஒருவர் வீட்டுக் கடன் கேட்டால், அந்த வீட்டை நேரில் பார்த்து, அளந்து, இது இன்ன விலை பெறும் என்று எழுதிக் கொடுப்பதுதான் என் வேலை. உரிமம் இருந்தும் முதல் ஏழு மாதம் ஒரு வேலைகூட வரவில்லை. பொம்பள வேல்யூயர் ஏணி ஏறி மொட்டை மாடியை அளப்பாளா என்று கேட்டவர்கள் உண்டு. ரகு அப்போது கடன் ஏஜென்ட்டாக ஊருக்குள் சுற்றிக்கொண்டிருந்தான். அவன்தான் ஒரு கிளை மேலாளரிடம் என்னை அழைத்துப்போய், "அக்கா கணக்கா அளப்பாங்க சார், ஒரு தடவ குடுத்துப் பாருங்க" என்றான். என் முதல் வேலை அப்படித்தான் வந்தது. நீ பத்தாவது படிக்கும்போது உன் அப்பாவுக்கு இதய ஆபரேஷன் நடந்ததே, அன்றைக்கு ரத்தம் கொடுத்துவிட்டு, சாயங்காலம் வரை ஆஸ்பத்திரி வராண்டாவில் என்னோடு உட்கார்ந்திருந்தவனும் அவன்தான். என் கூடப் பிறந்த தம்பி கல்யாண வேலை என்று வரவில்லை. இவன் வந்தான். இதையெல்லாம் முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. மோசடி செய்பவன் வில்லன் முகத்தோடு வருவான் என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு ஆனி மாதக் காலையில் ரகு கருவடிக்குப்பத்தில் ஒரு வீட்டுக்கான ஃபைலைக் கொண்டுவந்தான். வீட்டை விற்பவர் கனி பாய். நேரு வீதிப் பக்கம் நாற்பது வருஷம் மெத்தைக் கடை வைத்திருந்தவர். வாங்குபவன் ஏதோ தொழிற்சாலையில் சூப்பர்வைசர் வேலை பார்க்கும் இளைஞன். அவனுக்குத்தான் கடன். நான் டேப்பையும் நோட்டையும் எடுத்துக்கொண்டு ஸ்கூட்டரில் போனேன். கனி பாயும் அவர் மனைவி நூர்ஜஹானும் மட்டும் இருந்தார்கள். மகள் கடலூரில் கட்டிக்கொடுக்கப்பட்டவள். நல்ல வீடு, பழைய வீடு. பின்பக்க அறையின் கூரையில் கம்பி தெரிந்தது. நான் அதை அளந்துகொண்டிருந்தபோது அந்த அம்மா டீயோடு வந்து நின்று, "இந்த ரூம்ல ஒழுவுது, பாருங்கம்மா. மழைக்கு முன்னாடி லோன் வந்துடும்ல? கொத்தனார்கிட்ட சொல்லி வச்சிருக்கோம்" என்றார்.

வீட்டை விற்கப் போகிறவர்கள் எதற்குக் கொத்தனாரிடம் சொல்லிவைக்க வேண்டும்? எனக்கு அந்த நிமிஷமே உறைத்தது. நோட்டில், பின்னறை அளவுக்குக் கீழே, 'கூரை வேலைக்கு லோன் என்கிறார்கள், ரகுவிடம் கேட்க வேண்டும்' என்று எழுதினேன். கேட்டிருக்க வேண்டியது ரகுவை அல்ல. எதிரில் டீ டம்ளரோடு நின்ற அந்த அம்மாவிடம், "நீங்க இந்த வீட்ட விக்கிறீங்களா?" என்று நான்கு வார்த்தை கேட்டிருந்தால் அன்றைக்கே எல்லாம் நின்றிருக்கும். நான் தெருமுனைக்கு வந்து ரகுவுக்குப் போன் போட்டேன். அவன் கொஞ்சமும் தடுமாறவில்லை.

"அக்கா, அவங்க வித்துட்டு பொண்ணு வீட்டுப் பக்கமா கடலூருக்குப் போறாங்க. அந்தம்மாவுக்கு விக்கறதுல இஷ்டமில்ல. அதான் பாய் லோன்னு சொல்லி வச்சிருக்காரு. நீங்க எதனா கேட்டு வச்சுடாதீங்க, வீட்ல சண்ட வந்துடும்."

கேட்பதற்கு எவ்வளவு பொருத்தமாக இருக்கிறது, பார். நானும் ஒரு குடும்பத்தின் சண்டையைத் தவிர்த்துவிட்ட நிம்மதியோடு வண்டியைக் கிளப்பினேன். சாயங்காலம் அவன் வந்து, "மார்க்கெட்ல அதுக்கு மேல போவுதுக்கா, கொஞ்சம் பாத்துப் போடுங்க" என்றான். அந்தத் தெருவின் விலை எனக்குத் தெரியும். அதற்கு மேல் ஐந்தில் ஒரு பங்கு கூட்டிப் போட்டேன். அப்படிக் கூட்டிப் போடுவது அப்போது எங்கள் வட்டாரத்தில் பெரிய தப்பாகவே எண்ணப்படவில்லை. ஃபைலில் இன்னொன்றும் இருந்தது. விற்பவருக்கும் வாங்குபவருக்கும் ஒரே செல்போன் எண் கொடுக்கப்பட்டிருந்தது. அது ரகுவின் எண். எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த எண். அதன் மேல் என் கண் போய்விட்டுத்தான் வந்தது. வாங்குபவன் ஒருமுறைகூட அந்த வீட்டைப் பார்க்க வரவில்லை என்பதையும் நான் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. வாழ்நாள் சம்பாத்தியத்தை அடகு வைத்து வீடு வாங்கும் ஒருவன், குழாயைத் திறந்து தண்ணீர் வருகிறதா என்றுகூடப் பார்க்காமல் வாங்குவானா? நீ அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது இதைக் கேட்டுக்கொள். நான் கேட்காமல் கையெழுத்துப் போட்டேன்.

பத்து மாதம் கழித்து, நீ காலேஜுக்குப் போயிருந்த ஒரு காலையில், நூர்ஜஹான் அம்மா நம் வீட்டு வாசலில் வந்து நின்றார். அளக்கப் போன அன்று நான் கொடுத்த விசிட்டிங் கார்டைக் கையில் வைத்திருந்தார். எனக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை.

"நீங்கதானம்மா எங்க வீட்ட அளந்துட்டுப் போனீங்க? கதவுல நோட்டீஸ் ஒட்டிட்டாங்கம்மா. வீட்டக் காலி பண்ணணுமாம். அதுல யாரோ ஒரு பையன் பேரு போட்டிருக்கு. நாங்க மாசாமாசம் தவண கட்டிட்டுத்தான் இருக்கோம். தம்பி கையிலதான் குடுக்கறோம்."

தம்பி என்றது ரகுவை. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. செருப்பைக் கழற்றாமல் படியிலேயே நின்றார். என்னைத் திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. அவர் திட்ட வரவில்லை, உதவி கேட்டு வந்திருந்தார். வங்கியிலிருந்து தன் வீட்டுக்குள் வந்துபோன ஒரே முகம் என்னுடையது என்பதால்.

மறுநாள் அவருடைய மகளும் நானும் பதிவு அலுவலகத்தில் வில்லங்கச் சான்று போட்டு எடுத்தோம். அதில் ஒளிவுமறைவு இல்லாமல் இருந்தது. கனி பாய் வீட்டை விற்றிருக்கிறார், வாங்கியவன் அதை வங்கியில் அடமானம் வைத்திருக்கிறான். கனி பாய் அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நான் எங்கம்மா வித்தேன்? லோன் பேப்பர்னு சொல்லித்தான கையெழுத்து வாங்கினாரு? ஆபீசர் பணம் வாங்கிட்டீங்களான்னு கேட்டாரு. தம்பி காலையிலதான் நாலு லட்சம் குடுத்திருந்தாரு. வாங்கிட்டேன்னு சொன்னேன்" என்றார். நடந்தது இவ்வளவுதான். கூரை வேலைக்கு நாலு லட்சம் கடன் கேட்டவரைப் பதிவு அலுவலகத்துக்கு அழைத்துப்போய், விற்பனைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கியிருக்கிறான். அவர் பெயரில் புதிதாக ஒரு வங்கிக் கணக்கு தொடங்கி, வெற்றுக் காசோலைகளிலும் கையெழுத்து வாங்கிக்கொண்டான். பொய்ச் சம்பளச் சீட்டு காட்டிய அந்த இளைஞனுக்கு வங்கி கொடுத்த பெரிய கடன், கனி பாய் கணக்குக்கு வந்து, அன்றே அந்தக் காசோலைகள் வழியாக வெளியே போய்விட்டது. இவர்களிடம் வாங்கிய தவணையில் சில மாதம் வங்கிக்குக் கட்டிவிட்டு நிறுத்திவிட்டான்.

அன்றைக்கு நான் செய்தது என் இரண்டாவது தவறு, இளங்கோ. முதல் தவறைவிட இதைத்தான் நீ அதிகம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். நேராக ரகுவுக்குப் போன் போட்டு வீட்டுக்கு வரச் சொன்னேன். நம்மவனாயிற்றே, முதலில் அவனைக் கேட்காமல் வேறு யாரிடம் சொல்வது என்று நியாயமாகத்தான் நினைத்தேன். வந்தான். மறுக்கவில்லை. நாற்காலி நுனியில் உட்கார்ந்துகொண்டு தரையைப் பார்த்துப் பேசினான். "ஷேர்ல போட்டு மாட்டிக்கிட்டேன்க்கா. ரெண்டு நாள் டைம் குடுங்க, எல்லாத்தையும் சரி பண்ணிடறேன்" என்றான். பிறகு, கிளம்பும்போது வாசலில் நின்று, "மாமா ஆபரேஷன் அன்னிக்கி யார் இருந்தாங்கன்னு மட்டும் கொஞ்சம் நெனச்சுப் பாருங்க" என்றான். நான் இரண்டு நாள் கொடுத்தேன். அந்த இரண்டு நாளில், வாங்கியவனாக நடித்த இளைஞன் ஊரைவிட்டுப் போய்விட்டான். ரகுவின் செல்போன் எண் மாறியது. காசோலைப் புத்தகங்களின் அடிக்கட்டைகள் என்ன ஆயின என்று கடைசிவரை யாருக்கும் தெரியவில்லை. சந்தேகம் வந்தால், சந்தேகத்துக்கு உரியவனிடம் சொல்லாதே. அவன் உனக்கு எவ்வளவு வேண்டியவனாக இருந்தாலும் சொல்லாதே. விசாரிப்பது உன் வேலை அல்ல. விசாரிக்க வேண்டியவர்களிடம் நேரத்தோடு கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் உன் வேலை.

அந்த இரண்டு நாளும் நான் சரியாகச் சாப்பிடவில்லை. புகார் எழுதினால் என் மதிப்பீட்டு அறிக்கையைத்தான் முதலில் எடுத்து வைப்பார்கள். விலையைக் கூட்டிப் போட்டது நான். தொழில் போகும், ஒருவேளை என்னையும் சேர்த்தே வழக்குப் போடுவார்கள். உன் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, "உங்களுக்கு ரத்தம் குடுத்தவன்ங்க அவன்" என்றேன். அவர் சொன்னார்: "எனக்குத்தான குடுத்தான்? அதுக்கு அந்தப் பெரியவர் எதுக்கு வீட்டக் குடுக்கணும்?"

முதலில் அந்தக் கடனைக் கொடுத்த வங்கியின் கிளை மேலாளரைப் போய்ப் பார்த்தேன். அவர் கதவைச் சாத்திவிட்டு மெதுவாகப் பேசினார். "மேடம், உங்க ரிப்போர்ட்ட வச்சுத்தான் நாங்க சாங்ஷன் பண்ணோம். இத கிளறினா முதல்ல நீங்கதான் மாட்டுவீங்க. எனக்கு இன்னும் ஆறு மாசத்துல ட்ரான்ஸ்ஃபர். அந்தப் பெரியவர கோர்ட்டுக்குப் போகச் சொல்லுங்களேன்." அவர் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். பயந்தவர். நானும் பயந்துதான் இருந்தேன். ஆனால் வாயால் சொன்னது அந்த அறையின் கதவுக்குள்ளேயே நின்றுவிடும் என்பது அன்றைக்குப் புரிந்தது. வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தேன். எனக்குத் தெரிந்ததைத் தெரிந்தது என்றும், சந்தேகப்படுவதைச் சந்தேகம் என்றும் பிரித்து எழுதினேன். யாரையும் திருடன் என்று எழுதவில்லை. அதைச் சொல்வது என் வேலை அல்ல என்பதால். அளக்கப் போன தேதி, அந்த அம்மா கேட்ட கேள்வி, ரகு சொன்ன பதில், ஒரே செல்போன் எண், நான் கூட்டிப் போட்ட விலை, அவனுக்குக் கொடுத்த இரண்டு நாள், எல்லாம். என் தவறை எழுதும் இடத்தில் பேனா நின்றுவிட்டது. அதை விட்டுவிட்டு மீதியை எழுதிப் பார்த்தேன். படித்தால் பொய் போல இருந்தது. திரும்ப எழுதினேன். நோட்டின் அந்தப் பக்கத்தை நகல் எடுத்துச் சேர்த்து, வங்கியின் தலைமை அலுவலகத்தில் முறைகேடுகளை விசாரிக்கும் பிரிவுக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். இன்னொன்றைக் கனி பாயின் புகாரோடு சேர்த்துப் போலீஸில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ரசீது கேட்டு வாங்கினேன். அந்த ரசீதை எழுதிக் கொடுக்க அவர்கள் ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டார்கள். நாங்கள் எழுந்து வரவில்லை.

அதற்கப்புறம் நடந்தவற்றில் சிலதை நீ அறிவாய், காரணம் தெரியாமல். வங்கி என்னைத் தன் மதிப்பீட்டாளர் பட்டியலிலிருந்து நீக்கியது. கேள்விப்பட்டு இன்னும் இரண்டு வங்கிகள் நீக்கின. நீ சென்னையில் மேற்படிப்புப் படிக்க ஆசைப்பட்டபோது, "காலாப்பட்டு யுனிவர்சிட்டிலயே படிப்பா, வீட்டுச் சாப்பாடு கெடைக்கும்" என்றேனே, அது உன் சாப்பாட்டுக்காகச் சொன்னது இல்லை. அரியாங்குப்பத்தில் ஒரு கான்ட்ராக்டரிடம் நான் சம்பளத்துக்குப் பிளான் வரைய ஆரம்பித்ததும் ஆசைப்பட்டு இல்லை. நீ முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஒரு மாதம் என்னோடு பேசாமல் இருந்தாய். அப்போதே சொல்லியிருக்கலாம். உன் கண்ணில் நான் சின்னவளாகிவிடுவேனோ என்று பயந்தேன்.

ரகுவைத் திண்டிவனத்தில், அவன் மாமியார் வீட்டில் வைத்துப் பிடித்தார்கள். போலீஸ் விசாரணையில்தான் தெரிந்தது, கனி பாயைப் போல இன்னும் மூன்று பேர் தவணை கட்டிக்கொண்டிருந்தார்கள், வீடு தங்களுடையது என்று நம்பிக்கொண்டு. அதில் ஒருவர் வீட்டுக்கு வங்கி நோட்டீஸ் தயாராகிக்கொண்டிருந்தது. அது அப்படியே நின்றது. கனி பாய் வீட்டை எடுக்கக் கூடாது என்று நீதிமன்றம் தடை போட்டது. போன வருஷம் அந்த விற்பனைப் பத்திரம் செல்லாது என்றும் தீர்ப்பானது. வங்கி மேல்முறையீடு செய்யவில்லை. கனி பாய் தம்பதி இன்றும் அதே வீட்டில்தான் இருக்கிறார்கள். ரம்ஜானுக்கு நமக்குக் கஞ்சி வருகிறதே, அது அவர்கள் வீட்டிலிருந்துதான். முதல் வருஷம் வரவில்லை. அந்த அம்மாவுக்கு என்னை மன்னிக்க அவ்வளவு நாள் பிடித்தது. அது நியாயம்தான்.

கிரிமினல் வழக்கில் என்னைக் குற்றவாளியாகச் சேர்க்கவில்லை, சாட்சிக் கூண்டில் ஏறினேன். ரகுவின் வக்கீல் என் நோட்டின் நகலைத் தூக்கிக் காட்டி, "லோன் என்கிறார்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் உங்களுக்கு அன்றைக்கே தெரியும், இல்லையா?" என்று கேட்டார். ஆமாம் என்றால் நானும் குற்றவாளி, இல்லை என்றால் பொய்க்காரி. அப்படி ஒரு கேள்வி. நான் சொன்னேன்: "முழுசா தெரியாது சார். கேட்டா தெரிஞ்சுடும்னு தெரியும். அதனால கேக்கல." நீதிபதி எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்தி என்னைப் பார்த்தார். அவர் என்ன நினைத்தாரோ தெரியாது. எனக்குப் பல வருஷத்துக்குப் பிறகு மூச்சு சீராக வந்தது போல இருந்தது. உனக்கு நான் சொல்லக்கூடிய புத்தி எல்லாம் அந்தப் பதிலுக்குள் இருக்கிறது. போலிப் பத்திரத்தைக் கண்டுபிடிக்க உனக்குப் பயிற்சி கொடுப்பார்கள். கேட்டால் தெரிந்துவிடும் என்று தோன்றும் அந்த ஒரு கேள்வியை விழுங்காமல் இருக்க யாரும் பயிற்சி கொடுக்க மாட்டார்கள். உதவி செய்பவர்களை எல்லாம் சந்தேகப்படு என்று நான் சொல்லவில்லை. உன் ஏஜென்ட் நல்ல மனிதராகவே இருக்கலாம். ஆனால் அவர் கொண்டுவரும் ஃபைலை, அவர் உனக்குக் கேஸ் இணைப்பு வாங்கிக் கொடுக்காதவர் போலப் படி. வீட்டுக்காரரிடம், வீட்டுக்காரரின் சொந்த எண்ணில், நீயே பேசு.

போன மாதம் தீர்ப்பு வந்தது. ஐந்து வருஷம். நானும் உன் அப்பாவும் நீதிமன்றத்துக்குப் போயிருந்தோம். கனி பாய் பின் வரிசையில் உட்கார்ந்திருந்தார். தீர்ப்பைப் படித்தபோது அவர் முகத்தில் சந்தோஷம் இல்லை, எழுந்து தொழுகைக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டார். வராண்டாவில் போலீஸ்காரர்கள் ரகுவை அழைத்துக்கொண்டு வந்தார்கள். முடி நரைத்து, மெலிந்து போயிருந்தான். என்னைப் பார்த்தும் பார்க்காத மாதிரி தாண்டினான். உன் அப்பாவின் முன்னால் மட்டும் ஒரு நிமிஷம் நின்றான்.

"மாமா, மாத்திரையெல்லாம் ஒழுங்கா போடறீங்களா?"

"போடறேன்டா" என்றார் உன் அப்பா. "நீ ஒடம்ப பாத்துக்க."

அவனை ஏற்றிக்கொண்டு வேன் கிளம்பிய பிறகு, அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்து நான் அழுதேன். புகார் கொடுத்ததற்காக ஒரு நாளும் நான் வருத்தப்பட்டதில்லை. அன்றைக்கும் வருத்தப்படவில்லை. ஆனாலும் அழுதேன். உன் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, நான் முடிக்கும் வரை காத்திருந்தார்.

அம்மா